ஒரு மணி நேர வேலை

அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிய மூன்றாவது வாரத்தில் அந்த டிரைவர் எங்களுக்குக் கிடைத்தார். அதற்கு முன்பு ஆப்பில் கூப்பிட்டு வந்தவர்கள் யாரும் பொறுமைசாலிகள் இல்லை. நியூ டவுனில் நாங்கள் இருந்தது பதினான்காவது மாடி. அம்மா லிஃப்டிலிருந்து இறங்கி வாசல் வரை நடந்து வருவதற்கு ஏழெட்டு நிமிடம் ஆகும். அதற்குள் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டு, பயணத்தை ரத்து செய்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர் மட்டும் வண்டியை விட்டு இறங்கி, காவலாளியிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். லிஃப்ட் வாசலில் நின்று அம்மாவுக்குக் கையை நீட்டினார். அம்மா யோசிக்காமல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான மனிதர். டாக்குரியாவில் ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தில் வீடு. பதினோரு வருடம் அடுத்தவர்களின் வண்டியை ஓட்டிவிட்டு, கடன் போட்டுச் சொந்தமாக வாங்கிய முதல் வண்டி அது. சிக்னலில் நிற்கும்போதுகூட ஒரு மஞ்சள் துணியால் டேஷ்போர்டைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவர் என்னை வங்காள வழக்கப்படி தீதி, அதாவது அக்கா, என்பார். அம்மாவை மாஷிமா என்பார், பெரியம்மா சின்னம்மா மாதிரி. நான் அவரைத் தாதா என்று கூப்பிட்டது அம்மாவுக்கு முதலில் பிடிக்கவில்லை.

"ஏட்டி, அந்தத் தம்பி என்ன ரவுடியா? தாதாங்குற?"

"இங்க அண்ணனத்தாம்மா அப்படிச் சொல்லுவாங்க."

"அப்ப அண்ணன்னே கூப்பிட வேண்டியதுதான?"

கடைசி வரை அவள் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிட்டாள். அப்பா இறந்த பிறகு கோவில்பட்டியில் தனியாக இருந்தவளை, சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதும் நான் இங்கே அழைத்து வந்திருந்தேன். அவளுக்கு வங்காளம் ஒரு வார்த்தை தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் மருத்துவமனைக்குப் போகும் பைபாஸ் சாலை முழுக்க இரண்டு பேரும் பேசிக்கொண்டே வருவார்கள். அவள் தமிழில் சொல்வாள், அவர் வங்காளத்தில் பதில் சொல்வார். நடுவில் நான் மொழிபெயர்க்கப் போனால் அம்மாவுக்குக் கோபம் வரும். டயாலிசிஸ் நோயாளிகள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். அம்மா தாகம் தாங்காமல் அவரிடம் கெஞ்சுவாள். அவர் சின்ன பிளாஸ்கில் ஐஸ் கட்டி கொண்டுவந்து, ஒன்றே ஒன்றை எடுத்து அவள் வாயில் போடுவார். இரண்டாவது கேட்டால் "நா, மாஷிமா" என்று தலையை ஆட்டிவிடுவார்.

செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். காலை ஆறரைக்கு வருவார். மருத்துவமனையில் அம்மாவைப் படுக்க வைத்து, ஊசி குத்தி முடித்ததும் நான் பஸ் பிடித்து செக்டார் ஃபைவில் இருக்கும் அலுவலகத்துக்குப் போய்விடுவேன். நோயாளிக்கு ஒரு ஆள் வெளியே காத்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்த ஆளும் அவரே ஆனார். நான்தான் கேட்டேன். நாலு மணி நேரம் அங்கே வெளியே கிடக்கும் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு அம்மாவை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்து, நான் வரும் வரை துணைக்கும் இருப்பார். கொஞ்ச நாளில் திங்களும் புதனும் வெள்ளியும்கூட என்னை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் விடுவதும், விமான நிலையத்துக்குப் போவதும், மருந்து வாங்கி வருவதும் அவர் வேலையாகிவிட்டன. ஆப்பை அவர் அணைத்தே வைத்துவிட்டார். மாதத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டோம். நம்பிக்கையான ஆள் கிடைத்த சந்தோஷத்தில், அவருடைய வாரத்தில் ஞாயிறைத் தவிர எல்லா நாளையும் நான் எடுத்துக்கொண்டேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வண்டியின் முன்கண்ணாடி மூலையில் ஒரு சின்ன அட்டை ஒட்டியிருக்கும். கடைசியாக எஞ்சின் ஆயில் மாற்றியபோது வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது, அடுத்து எப்போது மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் பேனாவால் எழுதிய அட்டை. முன் சீட்டில் உட்காரும் நாட்களில் அந்த எண்ணும் டேஷ்போர்டில் ஓடும் எண்ணும் எனக்கு ஒரே பார்வையில் தெரியும். என் பிழைப்பே சாஃப்ட்வேரைச் சோதித்து, அது காட்டும் எச்சரிக்கைகளைப் படித்துச் சொல்வதுதான். அட்டையில் இருந்த எண்ணைத் தாண்டி வண்டி ஓடிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

முதல் தடவை அவர் கேட்டது சித்திரை வெயிலில். நாங்கள் பாதி இந்தியிலும் பாதி வங்காளத்திலும் பேசிக்கொண்டதைத் தமிழில் எழுதுகிறேன்.

"தீதி, திங்கக்கிழமை வண்டிய கடையில விடணும். ஆயில் மாத்தணும்."

"திங்கக்கிழமையா? வெளிநாட்டுலேருந்து ஆளுங்க வர்றாங்க தாதா. எட்டு மணிக்கு நான் ஆபீஸ்ல இருந்தாகணும். சாயங்காலம் அவங்கள ஹோட்டல்ல விடணும். அடுத்த வாரம் பாத்துக்கலாமா?"

"ஆச்சா. கிச்சு ஹொபே நா." சரி, ஒன்றும் ஆகாது. அதுதான் அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை.

அடுத்த வாரம் அம்மாவின் கையில் ஊசி குத்தும் இடம் வீங்கிவிட்டது. தினமும் மருத்துவமனை. அதற்கடுத்த வாரம் வேறொன்று. ஞாயிற்றுக்கிழமை கொடுக்கலாமே என்றேன். அவருடைய மெக்கானிக் ஞாயிறு கடை திறப்பதில்லை; மற்ற நாட்களில் நாங்கள் அவரை விடும்போது இரவாகி, கடை மூடியிருக்கும். வேறு கடையில் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை, அம்மாவை உள்ளே விட்டுவிட்டு நான் கிளம்பும்போது பின்னாலேயே வந்தார்.

"தீதி, மாஷிமா உள்ள நாலு மணி நேரம் இருப்பாங்க. டாக்குரியா இங்கேருந்து பக்கம்தான். பத்து மணிக்குக் கடை திறப்பான். ஒரு மணி நேரத்துல மாத்திட்டு வந்துடறேன்."

"நடுவுல கூப்பிட்டா என்ன பண்றது தாதா? யாராவது இருக்கணுமே."

அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். அதே மாதத்தில் ஒருநாள் உண்மையாகவே கூப்பிட்டார்கள். அம்மாவின் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கிவிட்டது. அவர்தான் ஓடிப்போய்க் கீழே மருந்துக் கடையிலிருந்து ஊசி மருந்து வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். நான் போய்ச் சேரும்போது அம்மா கண் விழித்துப் படுத்திருந்தாள். அவர் சட்டை முதுகெல்லாம் நனைந்து நின்றார். நான் சொன்னது எவ்வளவு சரி என்று அன்று எனக்குள் ஒரு நிம்மதி. அதற்குப் பிறகு அவர் அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்கவே இல்லை.

மழைக்காலத்தில் வண்டியின் சத்தம் மாறியது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் உள்ளே யாரோ சுத்தியலால் மெல்லத் தட்டுவது போலக் கேட்கும். கொஞ்ச தூரம் போனதும் அடங்கிவிடும். அம்மாதான் முதலில் சொன்னாள்.

"வண்டி ஒரு மாதிரியா இருமுதுட்டி. தம்பிட்ட கேளு."

கேட்டேன். வண்டியின் பின்னால் இருந்த ஒரு கேனைக் காட்டினார். ஆயில் குறையக் குறைய ஊற்றிக்கொள்கிறாராம்.

"புதுசு ஊத்தினா போதாதா தாதா?"

"இன்னிக்குப் போதும். பழசு முழுசா வெளிய வரணும், தீதி. உள்ளேயே கிடந்து காய்ஞ்சு காய்ஞ்சு கெட்டியாகும். கெட்டியானா மேல ஏறாது. மேல ஏறலைன்னா இரும்பும் இரும்பும் நேரா உரசும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "பூஜைக்கு முன்னாடி மாத்திடுவேன்."

இங்கே பூஜை என்றால் நவராத்திரியில் வரும் துர்கா பூஜை; அதற்கு முன்னால் மாற்றியிருப்பார். பூஜை தொடங்க இரண்டு நாள் முன்பு, சதுர்த்தியன்று, அவருடைய மெக்கானிக் மதியம் வரை கடை திறந்திருப்பான் என்று சொல்லி வைத்திருந்தார். அதற்கு முந்தைய நாள் அம்மா டிவியில் தேவி சிலை வைத்த பூஜைப் பந்தல்களைக் காட்டுவதைப் பார்த்துவிட்டாள். இந்த ஊருக்கு வந்து அவள் என்னிடம் எதையுமே கேட்டதில்லை.

"கூட்டம் வாரதுக்கு முன்னாடி ஒரு எட்டு பாத்துட்டு வந்துரலாமாட்டி? அடுத்த வருசம் இருப்பனோ என்னமோ."

மறுநாளே போகலாமா என்று நான் போனில் கேட்டதும் அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மாஷிமா கேட்டாங்களா? ஒன்பது மணிக்கு வரேன்."

அது நல்ல நாள். சால்ட் லேக்கில் இரண்டு பந்தல், பிறகு தெற்கே ஒன்று. போலீஸ்காரரிடம் பேசி வண்டியைப் பந்தல் வாசல் வரைக்கும் கொண்டுபோனார். அம்மாவை ஒரு பக்கம் நானும் மறுபக்கம் அவரும் பிடித்துக்கொண்டோம். தேவியின் கண்களைப் பார்த்து அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "எம்மாடி, உசிரோட இருக்குதாளே" என்றாள். அவருக்கு அது புரிந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டார். நாங்கள் வீடு திரும்பும்போது மணி இரண்டு. கடை அதற்குள் மூடியிருந்தது. பூஜை முடிந்ததும் லட்சுமி பூஜை. அது முடிந்ததும் பிகார்க்காரரான அந்த மெக்கானிக் சட் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டார்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை. எனக்கு விடுமுறை, அதனால் நானும் மருத்துவமனையிலேயே இருந்தேன். டயாலிசிஸ் முடிந்து அம்மா மிகவும் துவண்டிருந்தாள். வண்டியில் ஏறியதும் ஒருதடவை வாந்தி எடுத்தாள். பைபாஸில் பாதி தூரம் வந்தபோது அந்தத் தட்டும் சத்தம் ஆரம்பித்தது. இந்தத் தடவை அடங்கவில்லை. டேஷ்போர்டில் ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. அதுவரை அது மினுக்கி மினுக்கி அணைவதைப் பார்த்திருக்கிறேன். அன்று அணையாமல் நின்றது. அவர் வேகத்தைக் குறைத்து ஓரமாக ஒதுக்கினார்.

"தீதி, நிறுத்திப் பாக்கட்டுமா?"

அம்மாவின் தலை என் தோளில் கிடந்தது. உடம்பெல்லாம் வியர்த்திருந்தது.

"பத்து நிமிஷம்தான் தாதா. வீட்டுக்குப் போயிடலாம். போனதும் பாத்துக்கோங்க."

கண்ணாடியில் அம்மாவை ஒருமுறை பார்த்தார். வண்டியை மறுபடியும் சாலைக்குக் கொண்டுவந்தார்.

சிங்ரிகாட்டா சந்திப்பைத் தாண்டி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. இரும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். வண்டி ஒருமுறை முன்னால் குலுங்கியது, பிறகு எந்தச் சத்தமும் இல்லை. உருண்ட வேகத்திலேயே ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். சாவியைத் திருகினார். ஒன்றுமே நடக்கவில்லை. இன்னொரு தரம் திருகினார். பிறகு சாவியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போதும் முதலில் அம்மாவைத்தான் கவனித்தார். கதவைத் திறந்து குடையை விரித்து வெயில் படாமல் பிடித்தார். என் போனில் வேறு வண்டி வரச் சொன்னோம். வந்த வண்டிக்கு அம்மாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் ஏற்றினார். "நீங்க போங்க தீதி" என்றார். வண்டி கிளம்பியதும் திரும்பிப் பார்த்தேன். பானெட்டைத் திறக்காமல், அதன்மேல் ஒரு கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு டாக்குரியாவுக்குப் போனேன். ரயில் பாதைக்குப் பக்கத்தில் இரண்டு வண்டி நிற்கிற அளவு கடை. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும் சட்டியைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார்கள். அதில் இருந்ததை ஆயில் என்றே சொல்ல முடியாது. தார் போல, முறுகிப்போன வெல்லப்பாகு போல ஒட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக் ஒரு ஸ்க்ரூடிரைவரால் அதைக் குத்தித் தூக்கிக் காட்டினார். வழியாமல் அப்படியே நின்றது. அதற்குள் தங்கத்தூள் மாதிரி என்னவோ மின்னியது. உள்ளே சுற்றும் தண்டைத் தாங்குகிற பேரிங் தேய்ந்து உதிர்ந்த தூள் என்றார். ஆயில் மேலே ஏறும் வழியெல்லாம் அடைத்துப்போய், காய்ந்த எஞ்சின் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொண்டுவிட்டது. சரிசெய்ய முடியாது, எஞ்சினையே மாற்ற வேண்டும்.

"எவ்வளவு நாளா மாத்தல?" என்று பக்கத்தில் நின்ற டிரைவரைப் பார்த்துக் கேட்டார் மெக்கானிக்.

அவர் தரையில் இருந்த சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கறேன்ல? பதினஞ்சு வருஷமா வண்டி ஓட்டற ஆளு. பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் இது. புத்தி எங்க போச்சு உனக்கு?" என் பக்கம் திரும்பினார். "ஒரு மணி நேர வேலை, தீதி. உக்காந்து ஒரு சாயா குடிச்சிருந்தான்னா முடிச்சுக் கொடுத்திருப்பேன்."

கடையில் வேலை செய்துகொண்டிருந்த இன்னொருவர் சிரித்தார். டிரைவர் தலையைக் குனிந்து, மஞ்சள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் அழுக்கு எதுவும் இல்லை. நான் பேசியிருக்க வேண்டிய இடம் அது. எனக்கு வங்காளம் போதுமான அளவு தெரியும். ஒரே ஒரு வாக்கியம்தான். சொல்லவில்லை. ஒரு ரயில் போயிற்று, அது போய் முடிகிற வரை எல்லோரும் சும்மா நின்றோம். பிறகு பேச்சு எஞ்சின் எங்கே கிடைக்கும் என்பதற்கு மாறிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், மெக்கானிக் திட்டியதையும் சொன்னேன்.

"நீ சொன்னியா?"

"என்னத்தம்மா?"

"நாமதான் விடலன்னு."

நான் சமையலறைக்குப் போய்விட்டேன். அவள் அதற்குப் பிறகு அதைக் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்த வண்டியில் ஏறினாலும் அம்மா பேசுவதை நிறுத்திவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு வருவாள்.

புது எஞ்சின் போட நான் உதவுகிறேன் என்று சொன்னேன். "மாஷிமா வைத்தியத்துக்கு வேணும், தீதி, வெச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டார். நான் வற்புறுத்தவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். மூன்று மாதம் வண்டி அந்தக் கடை வாசலிலேயே தூசி படிந்து நின்றது. கடன் தவணை நின்று போனதும், கிடைத்த விலைக்கு விற்றுக் கணக்கை முடித்தார். மருத்துவமனையில் காத்திருக்க ஒரு ஏஜென்சி மூலம் ஆள் வைத்தேன். சில நாள் வருவார்கள், சில நாள் வரமாட்டார்கள்.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் இதயம் நின்றுவிட்டது. அன்று ஏஜென்சி ஆள் வரவில்லை. மைக்கில் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் செக்டார் ஃபைவிலிருந்து போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆனது. யார் இருந்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். அது உண்மையாகத்தான் இருக்கும். ஆனாலும் அம்மா கண்ணைத் திறந்து யாரையாவது தேடியிருப்பாளோ என்ற எண்ணம் என்னை விடுவதில்லை. தேடியிருந்தால் அது என்னையா என்பதும் எனக்குத் தெரியாது.

அவருக்குப் போன் செய்தேன். இரண்டு பஸ் மாறி வந்தார். கையில் நீளமான சம்பங்கித் தண்டுகள், இங்கே இறந்தவர்களுக்கு வைக்கும் பூ. அம்மாவின் காலடியில் வைத்துவிட்டு, பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெளியூரில் இருக்கும் என் கூடப்பிறந்த தம்பி விமானத்தில் வந்து சேரும் வரை எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றார். தூக்கும்போது ஒரு தோள் கொடுத்தார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, சுடுகாட்டிலிருந்தே போய்விட்டார்.

என்ன வேலை என்று அப்போதுதான் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்பதற்குள் பஸ் ஏறிவிட்டார். ஒரு மாதம் கழித்துப் போன் செய்து விசாரித்துக்கொண்டு போனேன். சால்ட் லேக்கில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் கார் நிறுத்துமிடத்தின் வாசலில் காவல். நீலச் சட்டை, தோளில் பட்டை. வருகிற கார்களுக்குத் தடுப்புக் கம்பத்தைத் தூக்கி விடுவதும் இறக்குவதும். என்னைப் பார்த்ததும் தனக்கிருந்த ஒரே ஸ்டூலை எனக்குப் போட்டார். நான் உட்காரவில்லை. காலை பதினோரு மணி, வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

"தாதா, ஆயில் மாத்தாம விட்டது உங்க தப்பு இல்ல. ஒவ்வொரு தடவையும் நான்தான் உங்கள விடல. அன்னிக்கு பைபாஸ்லயும் நான்தான் போகச் சொன்னேன்."

ஒரு கார் வந்தது. போய்க் கம்பத்தைத் தூக்கினார், எண்ணை நோட்டில் எழுதினார், கம்பத்தை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தார்.

"தெரியும், தீதி."

"அப்புறம் ஏன் மெக்கானிக் திட்டினப்போ சொல்லல?"

"சொல்லியிருந்தா எஞ்சின் ஓடியிருக்குமா?" கோபமே இல்லாத குரலில் சொன்னார். "நானும் முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. அது என் பங்கு. ஆனா அன்னிக்குக் கடையில, நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அந்த ரயில் போற வரைக்கும் காத்திருந்தேன்."

மன்னித்துவிட்டேன் என்று சொல்வார் என எதிர்பார்த்துத்தான் நான் அங்கே போயிருக்கிறேன் என்பது அந்த நிமிடம்தான் எனக்கே தெரிந்தது. அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பு தேறிவிட்டாள் என்றார். நான் இளைத்துவிட்டேன் என்றார், நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார். வரிசையாக நாலைந்து கார்கள் வந்துவிட, வேலையைப் பார்க்கப் போனார்.

நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்துக்கு நடந்தேன். பின் சீட்டில் இரண்டு பெண்கள் ஏற்கனவே இருந்தார்கள். எனக்காக நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். யாரோ எங்கே போயிருந்தாய் என்று கேட்டார்கள். தெரிந்தவர் ஒருவரைப் பார்க்க என்று மட்டும் சொன்னேன்.